ஒரு சாய்கோடும் மூன்று கடைகளும்

போன செவ்வாய்க்கிழமை என் அப்பாவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது.

'அன்புள்ள முனியாண்டி, உங்கள் கூடை இன்னும் காத்திருக்கிறது.'

அப்பா இறந்து முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இருந்த காலத்திலும் அவர் தோளில் நான் பார்த்தது காண்டாக் கம்பும் அதன் இரண்டு முனையிலும் தொங்கிய ரப்பர் பால் வாளிகளும்தான். கூடை தூக்கி ஒருநாளும் பார்த்ததில்லை. பிறகு யார் இந்தக் கூடையை அவர் தலையில் கட்டியது?

நான்தான். ஆனால் முழுப் பழியையும் நான் ஏற்க மாட்டேன்... ஓர் இணையக் கடைக்கும் அதில் பங்கு உண்டு. எல்லாம் என் அக்கா புஷ்பவல்லிக்கு எலெக்ட்ரானிக் புத்தகக் கருவி ஒன்று வாங்கப் போய் வந்த வினை. பலகை மாதிரி மெல்லிசாக இருக்குமே, ஆயிரம் புத்தகத்தை உள்ளே அடக்கிக்கொண்டு? அதுதான்.

அக்காவுக்கு அறுபத்தொன்பது வயது. தஞ்சோங் ரம்புத்தானில் மகன் வீட்டில் இருக்கிறாள். ஊர்ப் பெயரைக் கேட்டதும் சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிடலாம். பேராக் மாநிலத்தில் யாராவது கொஞ்சம் கோணலாகப் பேசினால், அங்கே இருக்கும் பெரிய மனநல மருத்துவமனையை நினைத்து, 'உன்னத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்' என்பார்கள். அக்கா அசர மாட்டாள். "நான் அங்கதான லா இருக்கேன். நீ எப்ப வார?" என்பாள்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். தோட்டத்தில் பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தாள், பிறகு ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி மடித்தாள். ஆனால் படிப்பு என்று பார்த்தால் — எழுதிப் பிழைக்கும் நான் படித்ததைவிட இரண்டு மடங்கு படித்தவள். இந்தப் பத்தி வெளியாகும் ஒவ்வொரு ஞாயிறும் காலை ஒன்பது மணிக்கு எனக்கு அவளிடமிருந்து போன் வரும். பாராட்டவா? "நாலாவது பாராவுல ஒத்து விட்டுட்ட. கவனிக்க மாட்டியா?"

எட்டு மாதமாக அந்த போன் வரவில்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் தமிழ் தேறிவிட்டது என்று.

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றபோதுதான் விஷயம் புரிந்தது. ஜன்னல் ஓரம் நின்றுகொண்டு, ஒரு கையில் புத்தகமும் ஒரு கையில் பூதக்கண்ணாடியுமாக அக்கா ஒரே வரியைத் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் புத்தகத்தை மூடிவிட்டாள். பார்வையின் நடுப்பகுதி மங்குகிறதாம். டாக்டர் சொன்னாராம், எழுத்து பெரிதாக இருந்தால் படிக்கலாம் என்று.

"படிச்சது போதும் பாப்பா. எல்லாக் கதையும் ஒண்ணுதான்" என்றாள்.

அறுபது வயது தாண்டிய என்னை இன்னமும் பாப்பா என்று கூப்பிடுகிற ஒரே ஜீவன் அவள். அந்தப் பொய்யைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன்.

மூன்று இணையக் கடைகளைத் தேர்ந்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட அட்டவணைகூடத் தயார். படம் பெரிதாகத் தெரிகிறதா, தேடினால் கிடைக்கிறதா, எத்தனை முறை தட்டினால் வாங்கி முடிக்கலாம்... எனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

முதல் கடை வெளிநாட்டுக் கடை. அழகென்றால் அழகு. கருவியைச் சுற்றிச் சுற்றிக் காட்டியது. பத்துக்கு ஒன்பது போட்டேன். வாங்கும் பக்கத்துக்குப் போய் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், உள்ளபடி அக்காவின் பெயரை அடித்தேன். புஷ்பவல்லி ஏ/பி முனியாண்டி.

சிவப்பு எழுத்தில் ஓர் அதட்டல் வந்தது. பெயர் செல்லாதாம். சிறப்புக் குறிகளுக்கு இடமில்லையாம்.

எதைச் சொல்கிறது? நம் எல்லார் ஐசியிலும் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே நிற்குமே, இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள் என்று சொல்லும் ஏ/எல், ஏ/பி — அதில் உள்ள சாய்கோட்டை. அந்தக் கோடு அந்தக் கடைக்காரருக்குத் தொண்டையில் சிக்கிய முள் ஆகிவிட்டது. அதோடு விட்டதா? நான் பாடுபட்டு அடித்த வீட்டு முகவரி, தொலைபேசி எண், எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வெறும் கட்டங்களைக் காட்டியது.

சரி, போகட்டும் என்று கோடு இல்லாமல், ஏபி இல்லாமல், புஷ்பவல்லி என்று மட்டும் அடித்தேன். ஏற்றுக்கொண்டது.

"அப்பா எங்க?" என்றாள் அக்கா. எழுத்து கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பெயரின் நீளம் குறைந்தது தெரிந்திருக்கிறது.

"அது ஒத்துக்க மாட்டேங்குது அக்கா. எடுத்துட்டேன்."

"அப்ப இந்தக் கட வேணாம்."

"அக்கா, பேரா முக்கியம்? மெஷின் வந்தா போதாதா?"

"அப்பா பேரு இல்லாம எனக்கு மெஷின் வேணாம் லா. மூடி வை."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எட்டு மாதம் படிக்காமல் கிடப்பாளாம், ஒரு கோட்டுக்காக வாசலுக்கு வரவிருக்கும் கருவியை வேண்டாம் என்பாளாம். பிடிவாதம் என்று வாய்வரை வந்தது. அக்கா கடலைத் தோலை ஊதிவிட்டுக் கேட்டாள்.

"கோலாலம்பூர் கடை ஞாபகம் இருக்கா?"

என் கோபம் அங்கேயே நின்றுவிட்டது. ஏனென்றால் ஞாபகம் இருந்தது.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் செமோருக்கு உள்ளே நாலு மைல் தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நான் செமோரில் இடைநிலைப்பள்ளி. அக்காவுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, அன்று வேலை கிடையாது. அந்தக் காலை நேரங்களில் அக்கா லயத்து வரிசை வீடுகளில் கதவு கதவாகப் போய்க் கேட்பாள்: "அடுத்து என்னா புத்தகம் வேணும்?" படிக்கத் தெரிந்த பெண்கள் சொல்வார்கள். தெரியாதவர்கள், அக்கா உரக்கப் படிக்கப் போவதைக் கேட்பதற்காகவே சொல்வார்கள். அவள் எழுதி, அஞ்சலில் போட்டு, வரவழைப்பாள். தோட்டத்துக்கு ஒரு படிப்பகம் அப்படித்தான் உண்டாயிற்று — ஒரு மர அலமாரியும் என் அக்காவின் கையெழுத்தும்.

எந்தக் கடையில் வாங்குவது? அதற்கு அன்றைக்கே அக்கா ஒப்பீடு செய்தாள். அட்டவணை இல்லாமல்.

முதலில் ஈப்போவில் ஒரு கடை. நேரில் போகலாம், பஸ் உண்டு. ஆனால் புத்தகங்கள் கண்ணாடி அலமாரிக்குள். முதலாளி கல்லாவிலிருந்தே கேட்பார்: "பேரச் சொல்லு, எடுத்துத் தாரேன்." பெயர் சரியாகத் தெரியாமல் கதையை மட்டும் சொன்னால் சிரிப்பார். "தோட்டத்துலேருந்து வர்றியா?" என்று ஒருமுறை கேட்டார். அக்கா வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாள்.

அடுத்தது பினாங்குக் கடை. புத்தகங்களுக்கு எண் போட்டுப் பட்டியல் அனுப்புவார்கள். எண்ணையும் தலைப்பையும் எழுதி அனுப்ப வேண்டும். அக்கா ஒரு குடும்ப நாவலைக் கேட்டு எழுதினாள். எண் 214. அவசரத்தில் 241 என்று எழுதிவிட்டாள். பக்கத்திலேயே நாவலின் பெயர் தெளிவாக இருந்தது. அவர்கள் அதைப் பார்க்கவே இல்லை. பார்சல் வந்தது. பிரித்தால், கோழி வளர்ப்புக் கையேடு.

லயமே கூடிச் சிரித்தது. அக்காவுக்கு அழுகை. ஆனாலும் வந்த புத்தகத்தை வீணாக்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. கோழிக்கு வரும் கழிச்சலைப் பற்றி அத்தனை உணர்ச்சியோடு உரக்கப் படித்தவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அந்த வருடம் எங்கள் லயத்தில் ஒரு கோழிகூடச் சாகவில்லை. அம்மா அந்தப் புத்தகத்தைத்தான் கடைசிவரை உசத்தியாகப் பேசினார்.

அதன் பிறகு கோலாலம்பூரில் ஒரு கடையின் பட்டியல் கைக்கு வந்தபோது அக்கா என்ன செய்தாள் தெரியுமா? வேண்டுமென்றே தப்பாக எழுதினாள். தலைப்பு ஒன்று, எண் இன்னொன்று. "ஒழுங்கா எழுதுனா எல்லாக் கடையும் நல்ல கடைதான் பாப்பா. தப்பா எழுதுனா என்னா பண்றான்னு பாக்கணும்" என்றாள்.

ஒரு வாரத்தில் அஞ்சலட்டை வந்தது. 'நீங்கள் குறிப்பிட்ட எண்ணும் தலைப்பும் பொருந்தவில்லை. எது தேவை என்று தெரிவித்தால் உடனே அனுப்பி வைக்கிறோம்.' கூடவே பதில் எழுத ஸ்டாம்ப் ஒட்டிய இன்னொரு அட்டை. அவ்வளவுதான். அந்தத் தோட்டம் இருந்தவரை அக்கா வேறு கடைக்கு எழுதவில்லை.

இணையதளங்களை எப்படிச் சோதிப்பது என்று இன்று பெரிய பெரிய கம்பெனிகள் ஆள் வைத்துப் பார்க்கின்றனவாம். தவறாக அடிக்கச் சொல்லி, என்ன நடக்கிறது என்று கவனிப்பார்களாம். என் அக்கா செமோர்ப் பக்கத்து லயத்தில் உட்கார்ந்து, ஓர் அஞ்சல்தலைச் செலவில் அதைச் செய்தாள். சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமே இல்லை — பெருமையாகத்தான் இருக்கிறது.

இருங்கள், அப்பாவுக்கு வருகிறேன்.

கோலாலம்பூர்க் கடையின் முதல் பார்சல் தோட்ட ஆபீசுக்கு வந்தது. விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடத்துக்குப் பெரட்டு என்று பெயர். கடிதம் வந்தாலும் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி அங்கேதான் கொடுப்பார். அன்று பார்சலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "யாரு இது, மு. புஷ்பவல்லி?" என்றார். தோட்டத்தில் அவளை எல்லாருக்கும் புஷ்பாவாகத்தான் தெரியும். அப்பா முன்னால் போய், "எம் மவதாங்க" என்று வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"எம் பேரு இதுல இருக்கா ஆயி?"

அக்கா 'மு' என்ற எழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இம்புட்டுத்தானா நானு?"

கேட்டுவிட்டு அப்பா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அடுத்து எழுதிய ஆர்டரின் அடியில் அவள் எழுதியதை நானே படித்தேன். 'என் பெயரை முனியாண்டி மகள் புஷ்பவல்லி என்று முழுமையாக எழுதவும். மு. போதாது.'

அந்தக் கடை அப்படியே எழுதி அனுப்பியது. அழகான கையெழுத்தில், கறுப்பு மையில். கிராணி பெரட்டில் நின்று, "முனியாண்டி மகள் புஷ்பவல்லி" என்று முழுசாகக் கூப்பிட வேண்டியதாயிற்று. வேலைக்கு அப்பா பெயரைத் தினமும் கூப்பிடுவார்கள்தான். ஒரு நல்ல காரியத்துக்குக் கூப்பிட்டு நான் அதற்கு முன் கேட்டதில்லை. "வாரேங்க" என்று அப்பா நடந்து போன அந்த நடை... கங்காணியே ஒதுங்கி வழிவிட்டார்.

அன்று மத்தியானம் அப்பா ஒரு சிரட்டையில் கொஞ்சம் ரப்பர் பால் கொண்டு வந்தார். பார்சலின் மேல் தாளிலிருந்து பெயர் எழுதிய துண்டைக் கத்தரித்து, பாலைத் தடவி, எங்கள் வீட்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டினார். தலைகீழாக.

நான் ஓடிப்போய் உரிக்கப் பார்த்தேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள். அடுத்த துண்டு வந்தபோது, சாதாரணமாகக் கொடுப்பதுபோல் அதை நேராக நிமிர்த்தி அப்பாவின் கையில் கொடுத்தாள். பிறகு வந்தவை எல்லாம் நேராக நின்றன. ஒன்றின் கீழ் ஒன்றாக, கதவு பாதி நிறைந்துவிட்டது.

எண்பதுகளில் தோட்டம் கைமாறியது. மரங்களைச் சாய்த்து வீடு கட்டப் போவதாகச் சொன்னார்கள். சாமான்களை லோரியில் ஏற்றியபோது அப்பா அந்தத் துண்டுகளை உரிக்க உட்கார்ந்தார். ரப்பர் பாலால் ஒட்டியது உரிக்க வருமா? தாள்தான் கிழிந்தது. ஒன்றோடு நிறுத்திவிட்டு எழுந்தார். கதவைக் கழற்றிக்கொண்டு போகலாமா என்று கேட்டார், அது தோட்டத்துச் சொத்து என்றார்கள். இரண்டு வருடத்தில் அவரும் போய்விட்டார்.

இப்போது சொல்லுங்கள். அந்தக் கோடு இல்லாமல் வாங்கு என்று நான் எந்த வாயால் சொல்வது?

அட்டவணையை மடித்து வைத்தேன். "சரிக்கா, நீ சொல்லு. எப்படித் தப்பா அடிக்கலாம்?"

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அஞ்சல் எண்ணை மாற்றச் சொன்னாள். ஊர் தஞ்சோங் ரம்புத்தான், எண் செமோருடையது. எங்கள் பழைய எண்.

இரண்டாவது கடை பக்கத்து நாடு ஒன்றில் இருக்கிறது. பெயருக்கு இரண்டு கட்டம் — முதல் பெயர், குடும்பப் பெயர். நமக்கேது குடும்பப் பெயர்? முதலில் புஷ்பவல்லியையும் இரண்டாவதில் ஏ/பி முனியாண்டியையும் போட்டேன். கோட்டைத் தின்றுவிட்டு ஏற்றுக்கொண்டது. தப்பான அஞ்சல் எண்ணையும் ஏற்றுக்கொண்டது. எதைக் கொடுத்தாலும் சரி என்றது. அடுத்த பக்கத்தில் பெரிய எழுத்தில் 'வணக்கம் முனியாண்டி' என்று வரவேற்றது.

நான் வாசித்துக் காட்டினேன். அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"பினாங்குக் கட பாப்பா இது. கோழிப் புத்தகம்தான் வரும்."

அங்கே பாதியில் விட்டுவிட்டு வந்த கூடைதான் இன்றுவரை அப்பாவுக்காகக் காத்திருக்கிறது.

மூன்றாவது, கோலாலம்பூரில் ஒரு சின்னக் கடையின் தளம். பார்க்க ஒன்றுமில்லை. படங்கள் மங்கல், நிறம் கண்ணைக் குத்தியது. என் அட்டவணைப்படி பத்துக்கு மூன்றுதான். ஆனால் பெயருக்கு ஒரே கட்டம், 'ஐசியில் உள்ளபடி முழுப் பெயர்'. ஏ/பியை அடித்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டோம். கோடு அப்படியே நின்றது.

தப்பான அஞ்சல் எண்ணைக் கொடுத்தேன். எதையும் துடைக்காமல், பக்கத்திலேயே ஒரு வரி வந்தது: 'இந்த எண் செமோருக்கு உரியது. உங்கள் ஊர் தஞ்சோங் ரம்புத்தானா, செமோரா?'

"செமோருன்னு சொல்லேன்" என்றாள் அக்கா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

ஒரு கேள்வி பாக்கி இருந்தது. தமிழ் எழுத்து பெரிதாகுமா? மூன்று கடையிலும் இது எழுதியிருக்கவில்லை. இந்தக் கடையில் பேசுவதற்கு ஒரு சின்னக் கட்டம் இருந்தது, கேட்டேன். மறுமுனையில் ஒரு சீனப் பெண். "ஆன்ட்டி, எனக்குத் தமிழ் தெரியாது. கொஞ்சம் இருங்க ஆ" என்று ஆங்கிலத்தில் எழுதினாள். கால் மணி நேரம் கழித்து ஒரு போட்டோ வந்தது. கருவியில் ஏதோ ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கி, பக்கத்தில் அளவுக்குத் தன் கட்டை விரலையும் வைத்து எடுத்திருந்தாள். ஒரு 'க' அவள் நகத்தளவு இருந்தது.

லேப்டாப்பை அக்காவின் முகத்துக்கு அருகே பிடித்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, எட்டு மாதத்துக்குப் பின், ஒரு முழு வரியைத் தட்டாமல் தடவாமல் படித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

"எழுதுன ஆளு ரெண்டு சந்தி விட்டிருக்கான்" என்றாள்.

வாங்கிவிட்டோம்.

நாலாம் நாள் பார்சல் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். டெலிவரி பையன் வாசலில் நின்று, "புஷ்பவல்லி அனாக் பெரெம்புவான் முனியாண்டி?" என்று முழுசாகக் கூப்பிட்டான். மலாய்க்காரப் பையன், ஏ/பி என்ற கோட்டைக்கூட மலாயில் 'மகள்' என்று விரித்துப் படித்துவிட்டான். அக்கா, "வாரேன்" என்று எழுந்து போனாள். அந்த நடையை நான் இதற்கு முன் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

கருவியைத் திறப்பாள் என்று பார்த்தால், கத்தரிக்கோல் கேட்டாள். மேலே ஒட்டியிருந்த பெயரை வெட்டி எடுத்தாள். மகன் வீட்டு வாசல் கதவின் உள்பக்கம் கோந்து தடவி ஒட்டினாள்.

"அக்கா, தலைகீழா ஒட்டிட்ட. கண்ணு தெரியல பாரு, கொடு."

என் கையைத் தட்டிவிட்டாள்.

"தெரியும் லா. மொதல்ல வாரது அப்பிடித்தான் ஒட்டணும்."

இந்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு போன் வந்தது. போன வாரப் பத்தியில் மூன்று பிழையாம். எட்டு மாதத்துப் பாக்கியையும் சேர்த்துப் படித்துக்கொண்டிருப்பதாகவும், பட்டியல் தனியாக வரும் என்றும் மிரட்டல்.

ஒன்று மறந்துவிட்டேன். இதை எழுதி முடிக்கும் நேரத்தில் அந்த இரண்டாவது கடையிலிருந்து அப்பாவுக்கு இன்னொரு மின்னஞ்சல்: 'முனியாண்டி, உங்களை ரொம்பவும் தேடுகிறோம்.'

நாங்களும்தான்.